மூத்த அணியை என்ன செய்வது?

(சின்னாளப்பட்டியில் பொங்கல் விளையாட்டு விழாவை ஒட்டி, 2026 ஜனவரியில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு கூடைப்பந்து சம்பந்தப்பட்டது. வயதேறிப்போன ஓர் அணியை முழுசாகக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, இரண்டு மூன்று இடத்தில் மட்டும் ஆளை மாற்றிச் சரிக்கட்டுவதா? வாசலில் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். "சுத்தி வளைக்காம தோனி இருக்கணுமா வேணாமான்னு சொல்லிட்டு உக்காருங்க" என்றார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. இந்த ஊரில் டீக்கடையில் பேசப்படுகிற வயதான அணி என்றால் அது சென்னை சூப்பர் கிங்ஸ்தான். அதனால் அங்கேயும் போவேன், கூடைப்பந்துக்கும் வருவேன்.

முதலில் வயது எங்கே தெரியும் என்று பார்ப்போம். பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு உங்களில் பலர் போயிருப்பீர்கள். முப்படை, வங்கி, போலீஸ் என்று பெரிய அணிகள் வருகிற இடம். அடுத்த தடவை போனால், ஏதாவது ஓர் அணியின் மூத்த ஆட்டக்காரர் ஒருவரை மட்டும் தனியாகக் கவனித்துப் பாருங்கள். பந்து அவர் கையில் இருக்கும்வரை வயதே தெரியாது. மூலையில், கோட்டுக்கு வெளியே, கூடையிலிருந்து ஆறரை மீட்டருக்கு மேல் தள்ளி நின்று எறிவார். வலை மட்டும்தான் அசையும். கேலரி கைதட்டும். அந்தக் கைதட்டல் முடிவதற்குள் எதிரணி பந்தை உள்ளே போட்டு ஓட ஆரம்பித்திருக்கும். மைதானம் 28 மீட்டர். நம்மவர் நடுக்கோட்டைத் தாண்டும்போதே கை இடுப்புக்குப் போயிருக்கும், குனிந்து முட்டி உறையை மேலே இழுத்து விட்டுக்கொள்வார். அதற்குள் இருபது வயதுப் பையன் அந்தப் பக்கம் லே-அப் போட்டு முடித்திருப்பான். மூன்று புள்ளி எடுத்தவர் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஸ்கோர் ஷீட்டில் மூன்று மட்டும்தான் அவர் பெயருக்கு நேரே ஏறும்.

டி20 கிரிக்கெட்டில் இது இவ்வளவு அப்பட்டமாகத் தெரியாது. ஒரு பவுலருக்கு நாலு ஓவர், 24 பந்து. மிச்ச நேரம் அவரை ஷார்ட் ஃபைன் லெக்கில் நிறுத்தி வைக்கலாம். 2023லிருந்து ஐ.பி.எல்.லில் இம்பாக்ட் பிளேயர் விதி வேறு வந்துவிட்டது. ஓட முடியாத பேட்ஸ்மேன் ஃபீல்டிங்குக்கே வர வேண்டாம். கூடைப்பந்தில் களத்தில் இருப்பது ஐந்தே பேர். ஒருவரை ஒளித்து வைக்க இடம் கிடையாது. ஆக, கூடைப்பந்து அணிக்கு இந்தக் கேள்வி சில வருடம் முன்னாலேயே வந்துவிடும்.

கேள்வி வந்ததும் எல்லோரும் இருக்கிற ஆட்களைப் பற்றித்தான் பேசுகிறோம். இவர் முடிந்துவிட்டார், அவரிடம் இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, இன்னொருவர் அணிக்காக எவ்வளவோ செய்தவர், என்றெல்லாம். என் அபிப்பிராயத்தில் முதலில் கேட்க வேண்டியது வேறு. புது ஆள் இந்த அணிக்கு எந்த வழியாக வருவான்? அது தெரியாமல் பழைய ஆளை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கவே முடியாது.

அமெரிக்காவின் என்.பி.ஏ.வை எடுத்துக்கொள்வோம். அங்கே கலைத்துக் கட்டுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. காரணம் டிராஃப்ட். கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் புதியவர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். தோற்ற அணிக்கு முன்வரிசை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தோற்றால் கூலி உண்டு என்றால் சிலர் தோற்கத் தயாராகத்தானே இருப்பார்கள்? பிலடெல்பியா செவன்ட்டி சிக்சர்ஸ் 2013லிருந்து அதைத்தான் செய்தது. 2015-16 பருவத்தில் 10 வெற்றி, 72 தோல்வி. டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவர்களின் பொறுமையை நினைத்துப் பாருங்கள். ஜோயல் எம்பீட் என்ற மாபெரும் ஆட்டக்காரர் அந்த வழியில்தான் கிடைத்தார். 2023ல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருதும் வாங்கினார். கோப்பை வரவில்லை. அதற்குப் பிறகு 2025வரை பிளேஆஃப் இரண்டாம் சுற்றையே அந்த அணி தாண்டவில்லை. திட்டமிட்டுத் தோற்றால் ஆள் கிடைப்பான், அணி கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

இன்னொரு கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. 2013ல் பாஸ்டன் செல்டிக்ஸ், தன் இரண்டு தூண்களான கெவின் கார்னெட்டையும் பால் பியர்ஸையும் புரூக்ளின் நெட்ஸுக்குக் கொடுத்துவிட்டது. கார்னெட்டுக்கு 37 வயது, பியர்ஸுக்கு 35. இருவரும் 2008ல் கோப்பை வாங்கித் தந்தவர்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். பதிலுக்கு பாஸ்டன் வாங்கியது புரூக்ளினின் வருங்கால டிராஃப்ட் உரிமைகளை. மூத்தவர்கள் இருவரும் இரண்டு வருடத்துக்குள் புரூக்ளினை விட்டே போய்விட்டார்கள். 2015-16ல் புரூக்ளினுக்கு 21 வெற்றி, அடுத்த பருவத்தில் 20. அவ்வளவு தோற்றும் புரூக்ளினுக்குப் பலன் ஒன்றுமில்லை. தோல்வியின் கூலி பாஸ்டன் கணக்கில் சேர்ந்தது. ஜேலன் பிரவுன் 2016ல் அப்படித்தான் வந்தார். மறுவருடம் புரூக்ளின் தயவில் கிடைத்த முதல் இடத்தை பிலடெல்பியாவிடம் கொடுத்து, மூன்றாம் இடத்தை வாங்கி, ஜேசன் டேட்டமை எடுத்தார்கள். அந்த இரண்டு பேரும் சேர்ந்து 2024ல் கோப்பை வாங்கினார்கள். புரூக்ளின் செய்த தப்பு கிழவர்களை வாங்கியது அல்ல. புது ஆள் வருகிற வழியை விற்றுக் கிழவர்களை வாங்கியதுதான்.

இப்போது நம்ம ஐ.பி.எல்.லுக்கு வருவோம். இங்கே டிராஃப்ட் கிடையாது, ஏலம். கடைசி இடம் வந்த அணிக்கும் கோப்பை வாங்கிய அணிக்கும் ஒரே உச்சவரம்பு. தோற்றால் தோல்வி மட்டும்தான் மிச்சம். அதனால் வேண்டுமென்றே இரண்டு வருடம் படுத்துக்கொண்டு எழுவது என்ற பேச்சுக்கே இங்கே இடமில்லை. அதோடு சில வருடங்களுக்கு ஒருமுறை மெகா ஏலம் வைத்து விதியே எல்லா அணியையும் கலைத்துவிடுகிறது. கலைப்பதா வேண்டாமா என்பது அணியின் கையில் இல்லை. யாரைத் தக்கவைப்பது, கலைந்த பிறகு யாரைத் திரும்ப வாங்குவது என்பது மட்டும்தான் கையில் இருக்கிறது.

2018 ஜனவரி ஏலத்தில் சென்னை என்ன செய்தது என்பது உங்களுக்கு மனப்பாடம். இரண்டு வருடத் தடை முடிந்து திரும்பிய அணி. தோனிக்கு 36, வாட்சனுக்கு 36, ஹர்பஜனுக்கு 37, பிராவோவுக்கு 34, இம்ரான் தாஹிருக்கு 39ஐத் தொடும் வயது. அப்பாக்களின் படை என்று கேலி செய்தார்கள். மே 27ஆம் தேதி இறுதிப் போட்டியில் வாட்சன் 57 பந்தில் 117 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். கேலியே பட்டமாகிவிட்டது. அடுத்த வருடம் தாஹிர் 40 வயதில் 26 விக்கெட் எடுத்து ஊதாத் தொப்பி வாங்கினார்; அணி ஒரு ரன்னில் கோப்பையை விட்டது. 2020ல் முதல்முறையாக பிளேஆஃபுக்குப் போகவில்லை. முடிந்தது என்றார்கள். அந்தத் தோல்விப் பருவத்தின் கடைசியில் ருதுராஜ் கெய்க்வாட் தொடர்ந்து மூன்று அரைசதம் அடித்தார். 2021ல் 635 ரன் எடுத்தார், கோப்பை வந்தது. 2022ல் ஒன்பதாம் இடம், 2023ல் மறுபடி கோப்பை. ஒவ்வொரு தடவையும் இரண்டு மூன்று பேரை மட்டும் மாற்றியே எழுந்தார்கள். அடிப்படை விலைக்கு வந்த ரஹானே, மற்ற அணிகள் கைவிட்ட துபே, மலிங்கா பாணியில் வீசும் பதிரனா என்று.

நெசவு தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், நான் சொல்வதில் பிசகிருந்தால் திருத்துங்கள். தறியில் பாவு தீர்ந்துபோனால் எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பதில்லை. விழுதிலும் அச்சிலும் கோத்த பழைய பாவின் நுனியைக் கொஞ்சம் விட்டுவைத்து, புதுப்பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைக்கிறீர்கள். மெதுவாக இழுத்தால் பழையது முன்னால் போய், புதியது அதே வழியில் தறிக்குள் வந்துவிடுகிறது. சென்னை அணி பதினைந்து வருடம் செய்தது இதைத்தான். ஆனால் சேலையின் அகலமோ நெருக்கமோ மாறினால் இந்த வேலை நடக்காது. அச்சையே மாற்றியாக வேண்டும், பழைய பாவை அறுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆட்டத்தின் அச்சு மாறியது 2023க்குப் பிறகு. சேப்பாக்கத்தில் 165 அடித்து, மூன்று சுழல் பந்துவீச்சாளர்களை வைத்து நெரித்துவிடலாம் என்பது பழைய கணக்கு. 2024 ஏப்ரலில் ஹைதராபாத் பெங்களூருவில் 287 அடித்தது. அதே வருடம் நவம்பரில் மெகா ஏலம். 120 கோடியில் 65 கோடியைப் பழைய ஐந்து பேருக்கு எடுத்து வைத்துவிட்டு, மிச்ச 55 கோடியோடு போன சென்னை, 38 வயது அஸ்வினை 9 கோடியே 75 லட்சத்துக்கு வாங்கியது. சாம் கரன், கான்வே, ரச்சின் என்று தன் பழைய முகங்களையும் திரட்டியது. அஸ்வின் அதே வருடம் ஆகஸ்டில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணிக்குத் தலைவராக நின்று, இறுதிப் போட்டியில் அரைசதம் அடித்து டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஏலத்தில் பேசியது கணக்கு இல்லை, பாசம். 2025ல் சேப்பாக்கத்தில் பெங்களூரு 2008க்குப் பிறகு முதல்முறையாக ஜெயித்தது. கொல்கத்தாவிடம் 20 ஓவரில் 103. சொந்த ஊரில் ஆடிய ஆறு போட்டியில் ஐந்து தோல்வி. மொத்தம் 14ல் 4 வெற்றி, பத்தாம் இடம். தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கியதைப் பார்த்து இங்கே எத்தனை பேர் டி.வி.யை அணைத்தீர்கள் என்று தெரியாது. முட்டி பத்து ஓவர் ஓடத் தாங்காது என்று பயிற்சியாளர் ஃபிளெமிங்கே வெளிப்படையாகச் சொன்னார்.

வயதுதான் தோற்கடித்தது என்று நான் சொல்ல மாட்டேன். தோனி, அஸ்வினைவிட இளையவர்கள் பலரும் அதே மெதுவான ஆட்டத்தைத்தான் ஆடினார்கள். புதுப்பாவு கையில் இருந்தும் பழைய அச்சிலேயே ஓட்டப் பார்த்ததுதான் குறை. நடுவில் வேறு வழியில்லாமல், காயம்பட்டவர்களுக்குப் பதிலாக ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல் வந்தார்கள். 17 வயது மாத்ரே முதல் ஆட்டத்திலேயே மும்பைக்கு எதிராக 15 பந்தில் 32. பெங்களூருவில் 48 பந்தில் 94. கடைசிப் போட்டியில், பட்டியலில் முதலிடத்தில் இருந்த குஜராத்துக்கு எதிராக 230 அடித்து 83 ரன்னில் ஜெயித்தார்கள். இழக்க ஒன்றும் இல்லாதபோதுதான் அச்சு மாறியது.

குஜராத் என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன், மனசில் கிடந்து உறுத்துகிறது. 2023 இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 47 பந்தில் 96 அடித்த சாய் சுதர்சன் சென்னைப் பையன். 2025ல் 759 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பியும் அவருக்குத்தான். குஜராத் அவரை 2022ல் 20 லட்சத்துக்கு எடுத்தது. வருண் சக்கரவர்த்தி சென்னை அணிக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசியவர். விக்கெட் எடுப்பது கொல்கத்தாவுக்கு. நத்தம் போகிற வழியில் இருக்கும் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் பெரும்பாலான வருடங்களில் டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. அங்கே வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போகிறவர்கள் நம் பிள்ளைகளை அகமதாபாத்துக்கும் கொல்கத்தாவுக்கும் கூட்டிப் போகிறார்கள். ஏலத்தில் யாரும் யாரையும் வாங்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் புது ஆள் வருகிற வழி நம் வீட்டு வாசலிலேயே இருந்தது, நாம் மாடியில் நின்று தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் 2025 நவம்பரில் அந்த மாற்றத்தைச் செய்தார்கள். ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, சஞ்சு சாம்சனை வாங்கினார்கள். ஜடேஜா 2012லிருந்து மஞ்சள் ஜெர்ஸி போட்டவர், 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரண்டு பந்தில் ஆறும் நாலும் அடித்தவர். எனக்கும் அன்றைக்கு வயிறு என்னவோ செய்தது. ஆனால் 37ஐத் தொடும் வயதைக் கொடுத்து 31 வயதை வாங்கியிருக்கிறார்கள், அதுவும் விக்கெட் கீப்பரை. 2025 டிசம்பரில் அபுதாபி ஏலத்தில், இந்தியாவுக்கு ஆடாத பிரசாந்த் வீருக்கும் கார்த்திக் சர்மாவுக்கும் தலா 14 கோடியே 20 லட்சம். ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 19. விலை அதிகம் என்று நினைக்கிறேன். பாதை சரி. வாசலில் கேட்ட நண்பருக்கும் இதில் பதில் இருக்கிறது: தோனி இருக்கலாம், அவரைச் சுற்றி அணியை அமைப்பது மட்டும் நிற்க வேண்டும்.

மூத்தவரை வைத்துக்கொண்டே செய்ய முடியுமா என்றால், முடியும். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் செய்து காட்டியது. டிம் டங்கன், டோனி பார்க்கர், மனு ஜினோபிலி மூன்று பேரும் ஒன்றாகவே மூத்தார்கள். பயிற்சியாளர் கிரெக் போப்போவிச் கணக்காகவே அவர்களை உட்காரவைத்தார். 2012 மார்ச்சில் ஒரு போட்டியின் ஸ்கோர் அட்டையில் டங்கன் பெயருக்கு நேரே, ஆடாததற்குக் காரணம் 'வயதாகிவிட்டது' என்றே அச்சிட்டிருந்தது. அதே வருடம் நவம்பரில் மயாமி ஆட்டத்துக்கு முன்னால் நாலு முக்கிய ஆட்களை வீட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டார். லீக் நிர்வாகம் இரண்டரை லட்சம் டாலர் அபராதம் போட்டது. மனிதர் அசரவில்லை. 2013-14 பருவத்தில் அந்த அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. ஆட்டம் 48 நிமிடம்! கோப்பை அவர்களுக்குத்தான் வந்தது. டங்கனுக்கு அப்போது 38. ஆனால் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் 22 வயது கவாய் லெனார்ட். அவரை 2011லேயே, நன்றாக ஆடிக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹில்லைக் கொடுத்து வாங்கியிருந்தார்கள். மூன்று கிழவர்களும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதே வழியைத் திறந்து வைத்தவர்கள் அவர்கள்.

நம் நாட்டின் பெரிய கூடைப்பந்துத் துறை அணிகளுக்கு டிராஃப்டும் இல்லை, ஏலமும் இல்லை. ஆள் வரும் வழி அரசு வேலை. வங்கி, ரயில்வே, சுங்கத்துறை, வருமான வரித்துறை, போலீஸ். விளையாட்டு ஒதுக்கீட்டில் 21, 22 வயதில் ஒரு பையனுக்கு வேலை போடுவார்கள். பன்னிரண்டு வருடம் அணிக்கு ஆடுவான். முட்டி போன பிறகு கவுன்ட்டரில் உட்காருவான், அறுபதில் ஓய்வு. ஒரு நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உறுதி எந்த விளையாட்டும் கொடுத்ததில்லை. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி மாதிரியான அணிகள் இருந்ததால்தான் தமிழ்நாடு இந்த ஆட்டத்தில் நிற்கிறது. 2022 ஏப்ரலில் சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் நம் ஆண்கள் பஞ்சாபைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார்கள்.

ஆனால் இந்த அமைப்பில் கலைப்பது என்ற பேச்சே கிடையாது. யாரை எங்கே அனுப்புவீர்கள்? அவர் நிரந்தர ஊழியர். புது ஆள் வர வேண்டுமானால் மேலே இருந்து ஆளெடுப்பு அறிவிப்பு வர வேண்டும். ஐந்து வருடம் அது வராவிட்டால் ஐந்து பேரும் ஐந்து வருடம் மூப்படைவார்கள், ஒன்றாகவே. பயிற்சியாளர் கையில் இருப்பது நிமிடக் கணக்கு மட்டும். அதனால் ஒரு துறை அணி தளர்ந்து ஆடினால் அந்த 34 வயது ஆட்டக்காரரைத் திட்டாதீர்கள். அவர் இடத்துக்கு வர வேண்டியவனுக்கு விண்ணப்பப் படிவமே வரவில்லை.

சரி, நம்ம ஊர் மைதானம். இங்கே பள்ளி அணிக்கு இந்தத் தலைவலி இல்லை, பிளஸ் டூ முடித்தவன் தானாகவே போய்விடுகிறான். கிளப்பில்தான் சிக்கல். முப்பத்தெட்டு வயது அண்ணன் ஒருவர் இன்னும் ஏழாம் நம்பர் ஜெர்ஸியோடு கேப்டனாக இருப்பார். பதினேழு வயதுத் தம்பிகள் ஓரமாக நின்று பந்து பொறுக்குவார்கள். (சிரிப்பு.) யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை, எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். அவரைத் தூக்கிவிடுங்கள் என்று சொல்வது சுலபம். ஆனால் தூக்கிவிட்டால் காலை ஐந்தரைக்கு வந்து மைதானத்தைத் திறப்பது யார்? வலை கிழிந்தால் கைக்காசு போட்டு மாட்டுவது யார்? எட்டாம் வகுப்புப் பொடியனுக்கு இடதுகையால் பந்து தட்டச் சொல்லிக் கொடுப்பது யார்? ஒரு சின்ன ஊர் கிளப்பில் புது ஆள் வருகிற வழியே அந்த அண்ணன்தான். அவரை அனுப்பினால் வழி அடைபட்டுப் போகும். அவர் செய்ய வேண்டியது ஒன்று: போட்டியன்றைக்கு நாற்பது நிமிடமும் தானே நிற்காமல், பத்து நிமிடத்தோடு வெளியே வந்து பெஞ்சில் உட்காருவது. தம்பிகளும் ஒன்று செய்ய வேண்டும். திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போனாலும் பொங்கலுக்காவது திரும்பி வந்து சின்னவர்களோடு ஆட வேண்டும்.

இவ்வளவு நேரம் ஆண்கள் அணியைப் பற்றியே பேசிவிட்டேன். பெண்கள் அணிக்கு இந்தக் கேள்வியே வருவதில்லை, கவனித்தீர்களா? அந்த அணிக்கு வயதாகவே நாம் விடுவதில்லை. பத்தாவது, பன்னிரண்டாவது வரை நன்றாக ஆடுவார்கள், மிஞ்சிப்போனால் கல்லூரி, அப்புறம் கல்யாணம். ஒவ்வொரு மூன்று வருடத்துக்கும் அணி தானாகவே கலைகிறது, மறுபடி பூஜ்யத்திலிருந்து கட்டுகிறோம். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுக்க முப்பது வயது ஆட்டக்காரி ஒருத்திகூட மைதானத்தில் இல்லை. விதிவிலக்கும் உண்டு. கூடைப்பந்து வீராங்கனை அனிதா பால்துரை 2000லிருந்து 2017வரை இந்தியாவுக்கு ஆடினார். 19 வயதில் கேப்டன். குழந்தை பெற்ற பிறகும் களத்துக்குத் திரும்பினார். 2021ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருக்கு ரயில்வே வேலை இருந்தது, வீட்டின் ஒத்துழைப்பும் இருந்தது. நம்ம ஊரில் ஆடி நிறுத்திய பெண்கள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்கள். குழுவினரிடம் ஒரு வேண்டுகோள்: ஞாயிற்றுக்கிழமை காலை ஏழிலிருந்து எட்டரை வரை மைதானத்தை இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டே வரட்டும். அந்த ஒன்றரை மணி நேரம் அண்ணன்மார்கள் பந்து பொறுக்கிப் போடலாம், ஏழாம் நம்பர் ஜெர்ஸி உட்பட. சம்மதம் என்றால் செயலாளர் இந்த மேடையிலேயே அறிவித்துவிடட்டும்.